மவுஸ் சைகை: ஒரே கோடு, வேறு வேறு வேலை

கணினியில் ஒரு டேப்பை மூட, மூலையில் உள்ள குட்டிப் பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து அமுக்குகிறோம். கண்ணும் விரலும் தளரும் வயதில் இது சிரமம்தான். வலது பட்டனை அமுக்கியபடி மவுஸை ஓர் இழுப்பு இழுத்து விட்டாலே அந்த வேலை முடிய ஒரு வழி உண்டு. அதற்கு மவுஸ் சைகை என்று பெயர். அது வந்த கதையைப் பார்ப்போமா?

1964-ல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் முதல் மவுஸைச் செய்தார். ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் மவுஸைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அன்று அவர் வலது கையில் மவுஸ்; இடது கைக்கு 5 கட்டைகள் கொண்ட சிறு பலகை. கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அமுக்கிக் கட்டளை தரலாம். பழகினால் வேகம், ஆனால் பழக நாளாகும். பின்னாளில் கடைக்கு வந்த கணினிகளில் மவுஸ் மட்டும் தங்கியது, அந்தப் பலகை மறைந்தது.

பழகியவருக்கு வேகம் என்ற எண்ணம் மட்டும் மறையவில்லை. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கோர்டன் குர்டன்பாக், பில் பக்ஸ்டன் இருவரும் ஒரு புது வகைப் பட்டியலை ஆராய்ந்தார்கள். புதியவர் பொறுத்திருந்தால் பட்டியல் வட்டமாக விரியும். பழகியவர் அதைப் பார்க்காமலே அந்தத் திசையில் கோடு இழுத்துவிடுவார். 2001-ல் நார்வேயின் ஓப்பரா பிரவுசர் சைகைகளைச் சாதாரணப் பயனாளிகளிடம் கொண்டுவந்தது. வலது பட்டனுடன் இடப்பக்கம் இழுத்தால் முந்தைய பக்கம், வலப்பக்கம் இழுத்தால் அடுத்த பக்கம்.

இதை எல்லாப் புரோகிராமுக்கும் நீட்டியபோதுதான் சிக்கல் வந்தது. பிரவுசரில் டேப்பை மூடும் கோடு, கணக்கு எழுதும் எக்செல்லில் ஃபைலையே மூடினால்? வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நீங்கள் வங்கியில் போடும் பணம் வங்கியின் பேரேட்டில் வரவு; உங்கள் சொந்தப் பேரேட்டில் வங்கிக் கணக்கின் பற்று. பணம் ஒன்றே, பேரேடுதான் வேறு.

விண்டோஸுக்கான ஸ்ட்ரோக்இட், ஸ்ட்ரோக்ஸ்பிளஸ் போன்ற மென்பொருள்கள் இதற்கு வழி செய்தன. ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியே குறிப்பிட்டு, அதற்கென்று சைகைகளை அமைக்கலாம். கீழே இழுத்து வலப்பக்கம் திருப்பும் அதே கோடு, பிரவுசரில் டேப்பை மூடட்டும். எக்செல்லில் சேமிக்கும் கட்டளையாகட்டும்.

அமைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலில், மூன்று நான்கு சைகைகள் போதும். கை பழகிய பின் கூட்டிக்கொள்ளலாம். அடுத்து, மூடுவது, அழிப்பது போன்றவற்றை எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். கடைசியாக, சில புரோகிராம்களில் வலது பட்டன் இழுப்புக்கு ஏற்கெனவே வேலை உண்டு. எக்செல்லில் தேர்ந்தெடுத்த கட்டங்களின் ஓரத்தைப் பிடித்து அப்படி இழுத்து விட்டால், நகர்த்தவா நகலெடுக்கவா என்று கேட்கும். அதைப் பயன்படுத்துபவர்கள் சைகைக்கு வேறு பட்டனை ஒதுக்குங்கள், அல்லது எக்செல்லுக்கு மட்டும் சைகையை நிறுத்திவையுங்கள்.

எங்கல்பார்ட் காலத்தில் மனிதன்தான் பலகைக்குப் பழக வேண்டியிருந்தது. இன்று உங்கள் கைக்கு ஏற்றபடி கணினியைப் பழக்க அரை மணி நேரம் போதும்.