தேதியுள்ள அச்சமும் தேதியற்ற அச்சமும்: 2016 மே மாத பிரிட்டன் நிதியமைச்சக அறிக்கை, ஒரு மறுவாசிப்பு

பிரெக்சிட் வாக்கெடுப்புக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2016 மே 23 அன்று, பிரிட்டன் நிதியமைச்சகம் வெளியிட்ட குறுங்கால விளைவறிக்கையைப் பொய்த்துப்போன ஆரூடமாகவே ஆய்வாளர் பலர் படித்துவருகின்றனர். அரசு மேலிருந்து அச்சத்தைத் தயாரித்தது, மக்கள் நம்பவில்லை, கடைசியில் எண்களும் பொய்த்தன என்பது அவர்கள் வாதம். எண்கள் பொய்த்ததில் ஐயமில்லை. ஆனால் அவை ஏன் பொய்த்தன என்பதற்கு இந்த வாதத்தில் விடை இல்லை. அச்சம் மிகைப்படுத்தப்பட்டதால் அறிக்கை தவறவில்லை. இருவகை அச்சங்களை அது ஒன்றாகக் கருதியதால் தவறியது என்பதே என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் இரண்டே ஆண்டுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலகாத நிலையில் இருந்திருக்கக்கூடியதைவிட 3.6 சதவீதம் குறையும், வேலையற்றோர் 5,20,000 பேர் கூடுவர், பவுண்டின் மதிப்பு 12 சதவீதம் சரியும், வீட்டு விலை 10 சதவீதம் தாழும் என்றது அறிக்கை. கடும் அதிர்ச்சி நேர்ந்தால் உற்பத்தி இழப்பு 6 சதவீதம், கூடுதல் வேலையிழப்பு 8,20,000. நடந்தது வேறு. பவுண்டு மட்டும் ஏறக்குறைய சொன்னபடியே விழுந்தது. வேலையின்மையோ தொடர்ந்து இறங்கி, 2018 இறுதியில் 4 சதவீதத்தை ஒட்டி நின்றது.

அறிக்கையின் உள்கட்டமைப்பைப் பார்ப்போம். பாதிப்பு மூன்று வழிகளில் வரும் என்கிறது அது: புதிய வணிக உறவுக்கு மாறும் விளைவு, நிச்சயமின்மையின் விளைவு, நிதிச் சந்தை நிலையின் விளைவு. இவற்றில் பிந்தைய இரண்டும் பெரிதும் மனநிலை சார்ந்தவை. வருங்காலம் தெளிவற்றுப்போனால் நிறுவனங்கள் முதலீட்டையும் குடும்பங்கள் செலவையும் தள்ளிப்போடும் என்ற அனுமானத்தின்மேல் நிச்சயமின்மைக் கணக்கு முழுவதும் நிற்கிறது. பல குறியீடுகள் ஒரே அளவீடாகச் சுருக்கப்படுகின்றன. அது ஏறினால் செலவு இறங்கும். அச்சத்துக்கு ஒரே திசைதான் உண்டு என்று நம்பியவர்களின் கணக்கு இது.

இதே அறிக்கை இன்னோர் அனுமானத்தையும் வைத்திருந்தது: விலகல் முடிவானால் ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவின்கீழ் உடனே அறிவிப்புத் தரப்படும், இரண்டாண்டுக் கெடு ஓடத் தொடங்கும். அதாவது, விலகலுக்கு ஒரு தேதி இருக்கும். தேதி தெரிந்த நிகழ்வொன்றை எதிர்நோக்கும் குடும்பம், தேதி தெரியாத ஒன்றுக்கு அஞ்சும் நிறுவனத்தைப் போலவே நடந்துகொள்ளுமா? அறிக்கை இதைக் கேட்கவேயில்லை. அது எண்ணிப்பார்த்த நிகழ்வு தேதியுள்ளது; அது அளந்த அச்சமோ தேதியற்றது. இந்த முரண்பாட்டை முந்தைய ஆய்வுகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அறிக்கையைக் காக்க முனைவோர், உண்மையில் 50ஆம் பிரிவு அறிவிப்பு 2017 மார்ச் 29 வரை தள்ளிப்போனதையே சான்றாகக் காட்டுவர். அனுமானமே நிறைவேறாதபோது முடிவைக் குறைசொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் இந்த வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. தாமதம் நிச்சயமின்மையை நீட்டித்ததே தவிரக் குறைக்கவில்லை. அறிக்கையின் தர்க்கப்படி செலவு இன்னும் சுருங்கியிருக்க வேண்டும். 2016 ஜூலையில் ஜிஎஃப்கே நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு 26 ஆண்டுகளில் காணாத அளவு சரிந்தது உண்மை. ஆகஸ்டிலேயே பாதி மீண்டது. குடும்பங்கள் வாங்கிக்கொண்டேதான் இருந்தன. சேமிப்பு விகிதம்தான் இறங்கியது. பவுண்டு விழுந்துவிட்டது, விலை ஏறப்போகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது கிட்டத்தட்டத் தேதியுள்ள அச்சம். 2017 நவம்பரில் பணவீக்கம் 3.1 சதவீதத்தைத் தொட்டது.

2016 ஆகஸ்டில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 0.25 சதவீதமாகக் குறைத்ததையும் அறிக்கை கணக்கில் கொள்ளவில்லை. அதன் பங்கை மறுக்கவில்லை. கால் சதவீத வட்டிக் குறைப்பு இத்தனை பெரிய இடைவெளியை நிரப்பியது என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. விலகலுக்கு வாக்களித்த 51.9 சதவீதத்தினரில் பலருக்கு, ஒன்றியத்தில் நீடிப்பதுதான் வருங்காலக் கவலையாக இருந்தது; முடிவு வந்ததும் அவர்கள் ஓரளவு நிம்மதியடைந்திருக்க வேண்டும். சராசரி இதை மறைத்துவிடுகிறது. சராசரிக்குள் அடங்காத வேறு சிலரும் இருந்தனர். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து முதலிய நாடுகளின் குடியுரிமை பெற்றபின் லண்டனுக்குக் குடிவந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு, வதிவிட உரிமை குறித்த கவலை உண்மையிலேயே தேதியற்றது. ஒன்றியக் குடிமக்களுக்கான குடியமர்வுத் திட்டம் முழுமையாகத் திறந்தது 2019 மார்ச் இறுதியில்தான்.

தேதியற்ற அச்சம் அறிக்கை சொன்னபடியே வேலை செய்த இடம் வணிக முதலீடு. 2016க்குப் பின் அது ஏறக்குறைய தேங்கியே நின்றது. அறிக்கையை முற்றாகப் புறந்தள்ளுவோர் இதைப் பேசுவதில்லை.

நிறுவனம் ஒத்திப்போடும், குடும்பம் செலவழிக்கும் என்று இதைப் பிரித்துவிடலாமே என்ற யோசனை எழலாம். முதலில் நானும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். 2019 அதற்கு இடம் தரவில்லை. விலகலுக்குக் குறித்திருந்த மார்ச் 29 என்ற தேதி நெருங்கியபோது, அதுவரை முதலீட்டை ஒத்திப்போட்ட அதே நிறுவனங்கள் கிடங்குகளைச் சரக்கால் நிரப்பின. அவ்வாண்டின் முதல் காலாண்டு வளர்ச்சிக்கு இந்தப் பதுக்கல் கைகொடுத்தது. தேதி தள்ளிப்போன பின் வந்த இரண்டாம் காலாண்டில், முதல் மதிப்பீட்டின்படி, பொருளாதாரம் 0.2 சதவீதம் சுருங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் கசிந்த ‘யெல்லோஹாமர்’ ஆவணத்தில், அதாவது ஒப்பந்தமின்றி விலக நேர்ந்தால் என்னாகும் என்ற அரசின் முன்னேற்பாட்டுக் கணிப்பில், மனநிலைக்கெனக் குறியீடு ஏதுமில்லை. ஆங்கிலக் கால்வாய்த் துறைமுகங்கள் வழியான சரக்குந்து ஓட்டம் 40 முதல் 60 சதவீதமாகக் குறையலாம், வண்டிகள் ஒன்றரை முதல் இரண்டரை நாள் வரை காத்திருக்க நேரலாம் என்று அது கணக்கிட்டது. 2016 அறிக்கையை வைத்துப் பிரெக்சிட் அச்சத்தைப் பற்றி எழுதுவோர் இந்த ஐந்து பக்க ஆவணத்தையும் அதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்.