நீரிலிருந்து நீரகம்: நார்வேயும் நங்கலும் தரும் பாடம்

நீரை மின்சாரத்தால் பகுத்து நீரகம் என்னும் ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தல் இன்று பல நாடுகளின் கொள்கை ஏடுகளில் இடம்பெற்றுள்ளது. அருவி, காற்று, ஞாயிற்றொளி ஆகியவற்றால் உண்டாகும் மின்சாரத்தைக் கொண்டு பெறும் நீரகத்திற்குப் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று பெயரும் இட்டுள்ளனர். பெயர் புதிது, பொருள் பழையது. 1800 ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் மின்கலத்தின் துணையால் நீரைப் பகுத்துக் காட்டினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அது பெருந்தொழிலாகவும் வளர்ந்தது. வளர்ந்த தொழில் பின்னர் ஏன் மங்கிற்று? இதற்கு விடை கண்டாலன்றி இன்றைய கொள்கைகளின் உட்பொருளை உணர்தல் அரிது.

அருவியும் சட்டமும்

நார்வே 1905 ஆம் ஆண்டில் சுவீடனிடமிருந்து பிரிந்து தனியரசாயிற்று. அந்நாட்டில் நிலக்கரி வளம் குறைவு, அருவிகளோ ஏராளம். அயல்நாட்டு முதலாளிகள் அவ்வருவிகளை விலைக்கு வாங்கத் தொடங்கினர். புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் செல்வம் பிறர் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய நாடாளுமன்றம், 1906 இல் அவசரச் சட்டம் ஒன்றை இயற்றி, அரசின் அனுமதியின்றி அயலார் அருவிகளை வாங்குவதைத் தடுத்தது. 1909 ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அனுமதி பெற்ற தனியார் நிறுவனம் 60 முதல் 80 ஆண்டுகள் வரை அருவியைப் பயன்கொள்ளலாம். தவணை முடிந்ததும் அணையும் மின்னிலையமும் விலையின்றி அரசுக்கு மீளும். முதலும் வந்தது, உடைமையும் நாட்டினின்று போகவில்லை.

1905 இல் தோன்றிய நோர்ஸ்க் ஹைட்ரோ என்னும் நிறுவனம் ரியூக்கன் பள்ளத்தாக்கில் வெமோர்க் மின்னிலையத்தை எழுப்பியது. 1911 இல் அது இயங்கத் தொடங்கியபோது உலகிலேயே பெரிய நீர்மின் நிலையமாக விளங்கிற்று. அதன் மின்சாரம் நைட்ரஜன் உரம் செய்யப் பயன்பட்டது.

இதற்கிடையே ஜெர்மனியில் ஹாபர், போஷ் என்னும் அறிஞர்களின் முறை வெற்றி கண்டது. நீரகத்தையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்குவதே அம்முறை. 1920களின் இறுதியில் நார்வே நிறுவனமும் இதனை மேற்கொண்டது. ஆனால் ஜெர்மானியர் நீரகத்தை நிலக்கரியின் துணையால் பெற்றனர். நார்வேயினரோ அருவியின் மின்சாரத்தால் நீரையே பகுத்துப் பெற்றனர். வெமோர்க்கில் 1929 இல் அதற்கெனப் பேராலை எழுந்தது.

அவ்வாலையின் துணைப்பொருளாகிய கனநீர் ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்குப் போகாதவாறு, 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் கனநீர்க் கலங்களை வெடிவைத்துத் தகர்த்த செய்தியைப் பலர் அறிவர். அதே ஆலை ஆண்டுதோறும் உழவர்க்கு உரம் ஈந்த செய்தியை அறிந்தோர் சிலரே. எண்ணெயிலும் இயற்கை வாயுவிலுமிருந்து மலிவான நீரகம் கிடைக்கத் தொடங்கியதும் போட்டிக்கு நிற்க முடியாமல் 1971 இல் அது மூடப்பட்டது.

பக்ராவின் மின்சாரம்

இந்தியாவிலும் இதே கதை நிகழ்ந்தது. பஞ்சாபில் சட்லெஜ் ஆற்றின் கரையிலுள்ள நங்கலில் அரசின் உர ஆலை 1961 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பக்ரா-நங்கல் திட்டத்தின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து அங்கு நீரகம் எடுத்தனர். இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் 1962 இல் அங்கேயே அமைந்தது.

ஆனால் நீரகம் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். ஒரு கிலோ நீரகத்திற்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு டன் அம்மோனியாவில் ஏறத்தாழ 176 கிலோ நீரகம் உண்டு. ஆகவே ஒரு டன்னுக்கு 8,800 யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். பசுமைப் புரட்சிக் காலத்தில் வயல்களின் குழாய்க்கிணறுகளும் நகரங்களும் பிற ஆலைகளும் அதே மின்சாரத்தைக் கேட்டன. உர ஆலைக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1978 இல் எரியெண்ணெயை மூலப்பொருளாகக் கொண்ட அம்மோனியா ஆலை நங்கலில் இயங்கலாயிற்று. உழவனுக்கு உரமும் வேண்டும், கிணற்றுக்கு மின்சாரமும் வேண்டும்; இரண்டுக்கும் ஒரே அணை ஈடுகொடுக்க இயலவில்லை.

இன்றைய கொள்கை

இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ நீரகம் எடுக்கும்போது 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு வெளிப்படும். மலிவு என்று கொண்டதன் மறைவிலை இதுவே. அதனை உணர்ந்த நாடுகள் பழைய முறையை மீண்டும் நாடுகின்றன. ஜப்பான் 2017 இல் தேசிய ஹைட்ரஜன் கொள்கையை வெளியிட்டது. ஜெர்மனி 2020 இல் வெளியிட்டது.

இந்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. இதில் நோக்கத்தக்கன மூன்று. முதலாவது, நீரகத்திற்கென 1,25,000 மெகாவாட் புதிய மின்திறன் சேர்க்கப்படும் என்பது. நங்கலில் இல்லாதது இதுவே. இரண்டாவது, உற்பத்தியாளர்க்கு ஊக்கத்தொகை. மலிவான வாயுவோடு போட்டியிட்டு வெமோர்க் தோற்றதற்கு இது மாற்று. மூன்றாவது, கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேற்படாததே பசுமை என்று 2023 ஆகஸ்டில் வகுத்த வரையறை. பெயரளவில் பசுமை பேசுவோர்க்கு இது தடை.

மலேசியாவிற்கும் இப்பாடம் அயலதன்று. சரவாக்கின் கூச்சிங்கில் 2019 இல் நீரைப் பகுத்து நீரகம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாட்டின் ஹைட்ரஜன் வழிகாட்டித் திட்டமும் வெளிவந்தது. சரவாக்கின் நீர்மின்சாரத்தால் நீரகம் உண்டாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பும் திட்டங்களும் எழுந்தன. ஆற்றின் பயன் யாருக்கு, தவணை எத்தனை ஆண்டு, இறுதியில் உடைமை எவர்க்கு என்று 1906 முதல் 1909 வரை நார்வே கேட்ட கேள்விகள் இங்கும் கேட்கப்பட வேண்டியவையே. நீரைப் பகுப்பது மின்சாரம். அம்மின்சாரத்தை மக்களுக்குப் பகுத்தளிப்பது அரசின் கடன்.