ஊவா மலைகளிற் சிங்கோனா

மலேரியாச் சுரத்தைத் தணிக்கும் கொயினா, சிங்கோனா மரப்பட்டையினின்று பெறப்படுவது. அம்மரம் இலங்கையில் முதன்முதல் 1861இல் ஹக்கலைத் தோட்டத்திற் பரிசோதனையாக நடப்பட்டது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையிற் கோப்பியிலை நோய் தோன்றிப் பரவவே, மலைநாட்டுத் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1886ஆம் ஆண்டளவில் பட்டை ஏற்றுமதி ஏறத்தாழ 1½ கோடி இறாத்தலாயிற்று, விலையோ வீழ்ந்தது.

பெருகியது பட்டையே, மருந்தன்று. தோட்டத் தொழிலாளர் உரித்துலர்த்திய பட்டையைப் பொடித்துச் சுண்ணாம்பு கலந்து, எண்ணெயிற் கரைத்து, கந்தகத் திராவகத்தாற் கொயினா உப்பைப் பிரித்தெடுக்கும் தொழில் கடல்கடந்த ஆலைகளிலேயே நடைபெற்றது. ஜாவாவில் ஒல்லாந்தர் கொயினாச் சத்து மிகுந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துச் சந்தையை வென்றனர். இங்கோ சிங்கோனா நின்ற சரிவுகளிலே தேயிலை தளிர்த்தது.

1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டபொழுது, ஒருகால் உலகுக்குப் பட்டை வழங்கிய இத்தீவு கொயினாவை இறக்குமதி செய்தது. விளைபொருளை மருந்தாக்கும் நுட்பமும் உடனிருந்தாலன்றி விளைவின் பெருக்கம் நாட்டைக் காவாதென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.