பாம்பன் பாலத்தையே தின்ற உப்புக் காற்று... உங்க வீட்டு ஆம்ப்ளிஃபயரை விட்டு வைக்குமா? 20 வருஷம் உழைக்க வைக்க முழு கைடு

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், நூறு வருஷத்துக்கும் மேல் கடலுக்கு நடுவில் நின்றது. கடைசியில் அதற்கு ஓய்வு கொடுத்தது துரு. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று ஏகப்பட்ட பாதுகாப்பு செய்திருக்கிறார்கள்.

பாலத்துக்கே இந்த நிலைமை என்றால், ஹாலில் ஷெல்ஃப் மேல் உட்கார்ந்திருக்கும் அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்ன ஆகும்?

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் செட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பழக்கமானவை. வால்யூமைத் திருகினால் 'கர கர'. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும், மேலே ஒரு தட்டு தட்டினால் இன்னொன்றும் பாடும். சில வீடுகளில் பாடியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். இதில் கடைசி விஷயம் மட்டும் சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடியது இல்லை.

ஏன் இப்படி ஆகிறது, எதை நாமே சரி செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தக் கரையில் ஏன் இத்தனை செட்?

தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இந்தக் கரை வீடுகளில் தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று உண்டு. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ரேடியோவில் தொடங்கிய ஆசை டேப் டெக், ஸ்டீரியோ செட் என்று வளர்ந்தது.

இன்னொரு காரணம் வளைகுடா. கீழக்கரை உள்ளிட்ட கடலோர ஊர்களில் இருந்து வெளிநாடு போனவர்கள், திரும்பி வரும்போது கொண்டு வந்த ஜப்பான் செட்கள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அது கிடைக்காதவர்கள் 4440 ஐசி போர்டு, 2என்3055 டிரான்சிஸ்டர் வைத்து உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கினார்கள். இன்று அதே பெட்டியில் போனை இணைத்துப் பாட்டு கேட்கிறார்கள் பேரப்பிள்ளைகள்.

உப்பு உள்ளே என்ன செய்கிறது?

அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் கலக்கின்றன. கடலில் இருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இது மிக அதிகம், தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். இராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் சொல்வது போல ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வரத்தான் செய்யும்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று ஆவது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். அதாவது, ஆம்ப்ளிஃபயருக்குள் படிந்த கடல் உப்பு இந்த ஊரில் வருஷம் முழுக்க ஈரமாகத்தான் இருக்கும்.

உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். அது தூசியோடு சேர்ந்து சர்க்யூட் போர்டு மேல் படிந்தால், போகக்கூடாத வழியில் கரண்ட் கசியும். செம்பு பச்சை பிடிக்கும். சுவிட்ச், ரிலே முனைகள் கறுக்கும். செட்டுக்கு வயதாகிவிட்டது என்று நாம் நினைக்கும் கோளாறுகளில் பல, உண்மையில் முனைகளில் படிந்த அழுக்குதான்.

கடலோர அரிப்பு எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு ஒரு சாட்சி: காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சிக்ரி, உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு மையமே வைத்திருக்கிறது.

எந்த சத்தம் எதைச் சொல்கிறது?

செட் கெட்டுப்போகும் முன் சத்தமாகவே சொல்லிவிடும். நாம்தான் கவனிப்பதில்லை.

• வால்யூம் திருகும்போது 'கர கர': உள்ளே இருக்கும் கார்பன் பாதையில் அழுக்கு. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போய்விடும்.

• ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்பது: முதல் சந்தேகம் ஸ்பீக்கர் வயர் முனை. அடுத்து பின்பக்க ஆடியோ பின். அதற்கும் அடுத்துதான் ரிலே.

• பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம்: பவர் சப்ளையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகளைக் கடந்து வரும்போது 100 ஹெர்ட்ஸ் ஆகும். கேட்பது அந்த ரீங்காரம்தான். எர்த் அல்லது வயரிங் கோளாறும் இதைக் கொடுக்கும்.

• பாஸ் வரும்போது ஸ்பீக்கர் 'பர பர': ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடாதீர்கள். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் ஈரத்தில் பொடிந்து போயிருக்கும். வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

• கருகிய வாடை, பாடி அளவுக்கு மீறிச் சூடு, தொட்டால் ஷாக்: உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மெக்கானிக் பார்க்காமல் திரும்பப் போடக் கூடாது.

சூடு ஒரு டிகிரி குறைந்தாலும் லாபம்

ஆம்ப்ளிஃபயரில் முதலில் வயதாகும் பாகம் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உள்ளே திரவம் இருக்கிறது, அது வறண்டால் கதை முடிந்தது. பொதுவான விதி இது: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும்.

சாதாரண கெப்பாசிட்டரில் 85 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்று கணக்கு. அதே பாகம் 55 டிகிரியில் இயங்கினால் 16,000 மணி நேரம். 45 டிகிரியில் 32,000 மணி நேரம். தினமும் 3 மணி நேரம் பாட்டு கேட்கிற வீட்டில், முதல் கணக்கு சுமார் 15 வருஷம். இரண்டாவது சுமார் 29 வருஷம். வித்தியாசம் வெறும் 10 டிகிரி.

அதனால் செட் மேல் டிவிடி பிளேயர், பூ ஜாடி, துணி எதையும் வைக்காதீர்கள். மேலே ஒரு சாண், பக்கங்களில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். சுவரை ஒட்டியும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவரே ஈரம் விடும்.

கவர் போடலாமா?

இதில்தான் பலரும் தவறு செய்கிறோம். பிளாஸ்டிக் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செட் சூடு ஆறிய பிறகு மெல்லிய பருத்தித் துணியால் மூடினால் போதும். வாரம் ஒருமுறை துணியைத் துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் துணியிலேயே உப்பு ஏறிவிடும்.

அதைவிட நல்ல பாதுகாப்பு, பாட்டு கேட்பது! ஓடும் செட்டின் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அப்படியே எல்லா நாப், சுவிட்சையும் நாலைந்து முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். முனைகள் உரசி அழுக்கு படியாமல் இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

எதைச் செய்வதற்கு முன்பும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

1. ஸ்பீக்கர் வயர்: வருஷம் ஒருமுறை கறுத்த முனையை வெட்டிவிட்டு, ஒரு செ.மீ. புதிதாகச் சீவி மாட்டுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் கடலோரத்துக்கு அதுதான் நல்லது. சீவிய இழைகள் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. தொட்டால் செட் போய்விடும்.

2. ஆடியோ பின்கள்: ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் உப்பும் இன்னும் நன்றாக ஒட்டும்.

3. வெளிப்பக்கம்: உலர்ந்த பிரஷ்ஷால் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஈரத் துணியை உள்ளே விடாதீர்கள்.

மூடியைக் கழற்றுவது மட்டும் நம் வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பரணில் இருக்கும் பழைய செட்டை எடுக்கப் போகிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த செட்டை நேராக கரண்டில் மாட்டக் கூடாது. ஓடாமல் கிடந்தால் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் வந்தால் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. மெக்கானிக் கடையில் சீரீஸ் பல்ப் போர்டு வைத்திருப்பார்கள். குண்டு பல்பு வழியாக கரண்ட் கொடுத்து, பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று கண்டுபிடிப்பார்கள். முதலில் அங்கே காட்டுங்கள்.

வெளிநாட்டு செட் என்றால் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சவுதியில் அந்தக் காலத்தில் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. ஜப்பானில் 100 வோல்ட். நம் வீட்டில் 230. சுவிட்ச் 220 அல்லது 240-ல் இல்லாமல் மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும்.

ஷாக் அடித்தால் அலட்சியம் வேண்டாம்

கடலோர வீடுகளில் எர்த் பைப் மண்ணுக்குள்ளேயே அரித்துப் போவது சகஜம். வெளியே பார்த்தால் எர்த் வயர் இருக்கும், கீழே தொடர்பு இருக்காது. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் சோதித்துப் பாருங்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டிக்கும். இதற்குச் செய்கிற செலவு செட்டுக்காக இல்லை, அதைத் தொடும் பிள்ளைகளுக்காக.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் ஆன்டெனா வயரையும் கழற்றி வையுங்கள்.

ரிப்பேரா, புதுசா?

டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்து, போர்டு கருகாமல் இருந்தால் ரிப்பேர் செய்வது பெரும்பாலும் லாபம். கெப்பாசிட்டர், ரிலே, வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தாலோ, தயாரிப்பு நின்றுபோன எஸ்டிகே வகை ஐசி போயிருந்தாலோ யோசிக்க வேண்டும். சந்தையில் போலிகள் நிறைய. மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்கினால் 'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அதற்கு நிலையான அளவுகோல் கிடையாது. ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 20 வாட்ஸை 40 ஆக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் 4 ஓம்ஸா, 8 ஓம்ஸா, அது செட்டுக்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள். பொருந்தாவிட்டால் செட் சூடேறும்.

சத்தம் தெளிவாக இல்லை என்றால், செட்டை மாற்றும் முன் தரையில் ஒரு கோரைப்பாய் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையும் வெறும் சுவரும் தரும் எதிரொலி குறையும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாக இருக்கும்படி உட்காருங்கள்.

செட் தாங்கும்... காது?

85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிஷம். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வால்யூமைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. செட்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும், காதுக்குக் கிடைக்காது.

சுருக்கமாக...

• வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், நாப்களைத் திருப்புங்கள்
• மேலே எதையும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்
• வருஷம் ஒருமுறை வயர் முனை, எர்த் சோதனை
• இடி மின்னலில் பிளக்கைக் கழற்றுங்கள்
• பரணில் கிடந்த செட், சீரீஸ் பல்ப் சோதனைக்குப் பிறகே கரண்டுக்கு

கடைசியாக ஒன்று. இனி சரி செய்யவே முடியாது என்ற நிலையில் உள்ள செட்டைக் கடற்கரையில் வீசவோ, செம்புக்காக வயரை எரிக்கவோ வேண்டாம். நம் வாசலில் இருப்பது 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி செய்ய முடிகிற செட் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் இருந்து இறக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.