குலத்தின் தடையும் புகழின் தடையும்

எளிய மகளிர் உயர்நிலையாளரை மணக்கும் கதை ஆங்கில நாவலுக்குப் புதியதன்று. 1740ஆம் ஆண்டில் சாமுவேல் ரிச்சர்ட்ஸன் வெளியிட்ட ‘பமீலா’வில், 15 வயதுப் பணிப்பெண் ஒருத்தி, தன் கற்பைக் குலைக்க முயன்ற எசமானனை எதிர்த்து நின்று, முடிவில் அவனுக்கே மனைவியாகிறாள். குலம் குறித்து அவளை இகழ்ந்த நாத்தனாரும் பின்னர் அவள் பண்பு கண்டு மனம் மாறுகிறாள்.

இக்காலக் காதல் நாவல்களிலோ, பிரபுவின் இடத்தில் பாடகனும் நடிகனும் அமர்ந்துள்ளனர். 2017இல் அமெரிக்க எழுத்தாளர் ராபின் லீ எழுதிய ‘தி ஐடியா ஆஃப் யூ’ இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஓவியக்கூடம் நடத்தும் 39 வயதுத் தாய் ஒருத்தியும் உலகறிந்த 20 வயதுப் பாடகனும் காதல் கொள்கின்றனர். ஊரெங்கும் எழுந்த அலரே அவர்களுக்குத் தடையாயிற்று. அவ்வலர் பள்ளியில் பயிலும் மகளையும் வருத்தவே, தாய் தன் காதலைத் துறக்கிறாள். 2024இல் வந்த திரைப்படமோ இருவரையும் மீண்டும் சந்திக்க வைத்து, முடிவை மாற்றிவிட்டது.

பமீலா மனம் மாற்ற வேண்டியிருந்தவர் ஒரு சிலரே. அவர்களை அவள் நேரில் அறிவாள். புகழாளனைக் காதலித்தவளைத் தூற்றுவோரோ முகமறியாப் பெருங்கூட்டத்தினர். அவளுடைய பண்பு எத்துணைச் சிறந்ததாயினும் அவர்கள் அதனை அறிய வழியில்லை. நாவல் பிரிவில் முடிந்ததன் காரணம் இதுவே.