சிக்காகோ நகரின் இளைஞர் வன்செயலும் அயலவர் முயற்சியும்

இளைஞர் வன்செயலை ஒரு சமுதாயம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றதோ, அதற்கேற்பவே அது அவ்விளைஞரை நடத்துகின்றது. வன்செயலில் ஈடுபட்டவனைத் தீயவன் எனக் கருதின் சிறையை நாடும். உளநலங் குன்றியவன் எனக் கருதின் மருத்துவரை நாடும். தன் பிள்ளை எனக் கருதின் தன் வாழ்க்கை அமைப்பையே ஆராய முற்படும். இம்மூன்று நோக்குகளும் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக முதன்மை பெற்றன. அவ்வரலாற்றை எடுத்துக்கூறி, அயலவரைக் கொண்டே இளைஞரின் உளநலத்தைப் பேண முயன்ற இறுதிக் கட்டத்தின் பயனையும் எல்லையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1880 இல் ஏறத்தாழ 5 இலட்சமாயிருந்த சிக்காகோவின் மக்கள்தொகை 1900 இல் 17 இலட்சமாக உயர்ந்தது. இறைச்சித் தொழிற்சாலைகளும் உருக்காலைகளும் போலந்து, இத்தாலி, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பல்லாயிரவரை அங்கு ஈர்த்தன. பெற்றோர் நாள் முழுவதும் ஆலைகளில் உழைக்க, பிள்ளைகள் தெருவில் வளர்ந்தனர். ஊரில் பெற்றோருக்கிருந்த மதிப்பு புதிய நகரத்திற் செல்லுபடியாகவில்லை. அவர்கள் அறியாத மொழியைப் பிள்ளைகள் பேசினர். களவுக்கும் சண்டைக்கும் பிடிபட்ட சிறுவர் வளர்ந்த குற்றவாளிகளுடன் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர்.

இந்நிலையை முதலில் எதிர்த்தவர்கள் அந்நகரப் பெண்களே. ஜேன் அடம்ஸ், எலன் ஸ்ரார் ஆகிய இருவரும் 1889 இல் குடியேறிகளின் நடுவே ஹல் இல்லத்தை நிறுவி, அங்கேயே வாழ்ந்து பணியாற்றினர். அவ்வில்லத்தைச் சார்ந்தோரும் நகரின் மாதர் கழகத்தினரும் இடைவிடாது முயன்றதன் பயனாக, 1899 இல் இலினோய் மாநிலம் சிறுவர் நீதிமன்றச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் நன்னடத்தை அலுவலரை நியமிக்க இடமளித்ததேயன்றி, அவர்களுக்குச் சம்பளம் வழங்க வழிசெய்யவில்லை. தொடக்கத்தில் மாதர் கழகத்தினரே அதற்கான பணத்தைத் திரட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், ஒருமுறை நீதிமன்றம் வந்த சிறுவரே மீண்டும் மீண்டும் வந்தனர். இதன் காரணத்தை அறிய, எதெல் டம்மர் என்னும் பெண்மணியின் பொருளுதவியுடன் 1909 இல் உளநிலை ஆய்வகமொன்று அமைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவராவார். பிறவியிலேயே குற்றவாளியாக அமைந்தவர் உளர் என்னும் இத்தாலிய அறிஞர் லொம்புறோசோவின் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. ஹீலியோ ஒவ்வொரு சிறுவனின் உடல், உளம், குடும்பம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். அவன் கதையை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். குற்றத்திற்கு ஒற்றைக் காரணம் இல்லை என்பதே 1915 இல் வெளிவந்த அவரது நூலின் முடிபாகும். இது பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் மருத்துவரின் அறையிலிருந்து வெளியேறிய சிறுவன் அதே தெருவிற்கே திரும்பிச் சென்றான்.

அத்தெருவின் வலிமையை 1919 ஆம் ஆண்டு யூலை மாத இனக்கலவரம் உணர்த்தியது. மிச்சிகன் ஏரியில் நீந்திய பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன், வெள்ளையர் ஒருவர் கல்லெறிந்ததன் விளைவாக நீரில் மூழ்கி இறந்தான். அதனைத் தொடர்ந்த நாட்களில் 38 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். அரசியல்வாதிகளின் ஆதரவுடன் 'விளையாட்டுக் கழகங்கள்' என்னும் பெயரில் இயங்கிய வெள்ளை இளைஞர் கும்பல்கள் இல்லாதிருப்பின், கலவரம் முதல் மோதலுக்கு அப்பாற் பரவியிருக்குமோ என்பது ஐயமே என 1922 இல் வெளியான விசாரணைக்குழுவின் அறிக்கை கூறியது. இத்தகைய வன்செயலைத் தனிமனித உளக்கோளாறு என்று மட்டும் விளக்குதல் இயலாது.

ஹீலியின் ஆய்வகம் பிற்காலத்தில் மாநில அரசின் கீழ் வந்தது. அங்கு 1926 இல் சமூகவியற் பிரிவின் பொறுப்பையேற்ற கிளிபோர்ட் ஷோ, முன்னர் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றியவர். அவரும் ஹென்றி மக்கேயும் நீதிமன்றம் வந்த சிறுவரின் வீடுகளை நகர வரைபடத்திற் குறித்தனர். நகர மையத்தையும் ஆலைகளையும் அடுத்த வறிய பகுதிகளிற் குற்றவீதம் மிகுந்தும், மையத்திலிருந்து விலக விலகக் குறைந்தும் காணப்பட்டது. அப்பகுதிகளில் ஓரினத்தவர் வெளியேறி வேறோரினத்தவர் குடியேறிய பின்னரும் குற்றவீதம் உயர்வாகவே இருந்தது. வெளியேறியோரின் பிள்ளைகளிடையே அது குறைந்தது. எனவே குற்றம் இரத்தத்தில் ஊறியதன்று; வாழுமிடத்தின் நிலைமைகளோடு பிணைந்தது என்பது புலனாயிற்று.

இம்முடிபின் வழியே 1930களின் தொடக்கத்தில் 'சிக்காகோப் பகுதித் திட்டம்' பிறந்தது. உருக்காலைகளை அண்டிய ரசல் சதுக்கம் என்னும் போலந்தியர் வாழிடம் அதன் முதற் களங்களுள் ஒன்றாகும். வெளியிலிருந்து வரும் அலுவலரை விட அவ்வூராரே தம் பிள்ளைகளை நன்கறிவர் என்பது ஷோவின் துணிபு. ஆகவே தேவாலயத்தைச் சார்ந்தோரையும் கடைக்காரரையும் தொழிலாளரையும் கொண்ட ஊர்க்குழு அமைக்கப்பட்டது. அயலிலேயே வளர்ந்த இளைஞர் பணியாளராயினர். முன்னர் தண்டனை பெற்றுத் திருந்தியோரும் அவர்களிற் சேர்க்கப்பட்டனர். அவர்கள் சிறுவரை மருத்துவ நிலையத்திற்கு அழைக்கவில்லை. அவர்கள் கூடும் தெருமுனைக்கே சென்று உரையாடினர். பாடசாலையுடன் முரண்பட்டவனுக்காக ஆசிரியரிடம் பேசினர். கைதானவனுக்காகப் பொலிசாரிடம் பேசினர். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து மீண்டவனுக்கு வேலை தேடிக்கொடுத்தனர். உளவியலறிஞரின் ஆலோசனை அறைக்குள் நிகழ்ந்த செவிமடுத்தல் இவ்வாறு தெருவுக்கு வந்தது எனலாம்.

பயிற்சி பெற்ற சமூக சேவையாளர் பலர் இதனை ஐயுற்றனர். குற்றங்கள் குறைந்தன எனத் திட்டத்தினர் கூறினும், அக்குறைவு இத்திட்டத்தாலேயே விளைந்தது என்பதை ஐயமற நிறுவுதல் கடினமாயிருந்தது. இதனினும் அடிப்படையான குறைகள் இரண்டு உண்டு. வேலையின்மையையும் ஆலை முதலாளிகளின் வலிமையையும் ஊர்க்குழுவொன்றால் மாற்றல் இயலாது. இதனை உணர்ந்த ஷோவின் உதவியாளர் சோல் அலின்ஸ்கி, 1939 இல் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒன்றிணைத்து அயலவர் மன்றமொன்றை உருவாக்கியபின், ஷோவைப் பிரிந்து தனிவழி சென்றார். ஆனால் அம்மன்றமே பிற்காலத்திற் கறுப்பினத்தவர் அப்பகுதியிற் குடியேறுவதைத் தடுக்கும் அரணாயிற்று. அலின்ஸ்கியே அதற்காக வருந்த நேர்ந்தது. தன் பிள்ளைகளை அரவணைக்கக் கற்ற அயல், பிறர் பிள்ளைகளுக்குக் கதவடைத்தது. இது இரண்டாவது குறையாகும்.

இவ்வரலாறு ஒரு வழியைக் காட்டுவதோடு ஓர் எச்சரிக்கையையும் விடுக்கின்றது. சினமுற்ற இளைஞனுக்கு முதலில் வேண்டியது அவனை அறிந்த ஒருவரின் செவியாகும். அதனை அயலவரே வழங்கவல்லர். உளமருத்துவம் அதற்குத் துணைநிற்கலாம், அதற்கு ஈடாகாது. ஆயினும் தொழிலும் நீதியும் கிடைக்காதவிடத்து அச்செவி அவனை ஆற்றுமேயன்றி, அவன் சினத்தின் காரணத்தைக் களையாது. அன்றியும், 'நம்மவர்' என்னும் சொல்லின் எல்லை எங்கு முடிகின்றது என்பதை ஒவ்வோர் அயலும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளல் வேண்டும். சிக்காகோவிற் கறுப்பின இளைஞன் மீது கல்லெறிந்த கை, அந்த எல்லையின் அப்புறத்தே நின்றவனை நோக்கியே ஓங்கியது. இளைஞர் வன்செயலைப் பன்முறை கண்டு துயருற்ற நாட்டினராகிய நாம் இதனை எளிதில் மறத்தலாகாது.