டெரிலினிலிருந்து ஜெர்சி வரை: மதுரை வட்டாரத்தில் பாலியஸ்டர் உடையின் ஏற்றமும் இறக்கமும்

துணியை வைத்துப் பெயர் பெற்ற ஊர் மதுரை. சங்கப் புலவர்களில் ஒருவரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், அதாவது துணி வியாபாரி. அழகர்மலைத் தமிழிப் பொறிப்புகளில் கொடை கொடுத்தவர்களிடையே அறுவை வணிகரும் இருக்கிறார். கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. இப்படிப் பருத்தியோடு பழகிய ஒரு நகரமும், மேலூர், திருவாதவூர் என அதைச் சுற்றியுள்ள வயற்காட்டு ஊர்களும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ஓர் இழையை எப்படித் தலைமேல் வைத்துக் கொண்டாடின, பிறகு ஏன் மதிப்பிறக்கின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரசனை மாறிவிட்டது என்று பொதுவாக விடை சொல்லிவிடுகிறார்கள். ரசனை மாறியது உண்மை. ஆனால் அதை மாற்றியவை வரியும் சலவையும் சாயமும் என்பது என் முடிபு.

1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலுடையைக் களைந்து அரையாடையோடு மக்கள் முன் வந்தது மதுரையில்தான். அவர் தங்கியிருந்த மேலமாசி வீதி வீட்டில் இன்று கதர் விற்பனை நிலையம் இருக்கிறது. அவர் எதிர்த்தது மான்செஸ்டர் மில் துணியை. அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1941இல், அதே மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனம் அதை 'டெரிலின்' என்றும், அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் 'டேக்ரான்' என்றும் விற்றன. இந்தியாவில் ஐ.சி.ஐ.யின் துணை நிறுவனம் 1960களின் நடுவில் தானேயில் 'டெரீன்' தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு நம் பக்கத்துக்கு வந்த டெரிலின் பெரும்பாலும் மலேயா, சிங்கப்பூர், இலங்கை போய் வந்தவர்களின் பெட்டியில் வந்ததுதான்.

அன்றைய அரசு செயற்கை இழையைப் பணக்காரர் பொருளாகக் கருதி, இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, கடும் வரி போட்டது. டெரிலின் சட்டைக்குக் கிடைத்த கௌரவத்தில் பாதி இந்த வரி தந்த கௌரவம் என்றே சொல்வேன். கல்யாண மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டை எடுப்பது குடும்பத்தின் தகுதியைக் காட்டியது. சட்டைப்பைக்குள் வைத்த ரூபாய் நோட்டு வெளியே தெரியும்படி மெல்லிசாக இருப்பதே அதற்கு அழகு. அமெரிக்காவில் 1970களின் இறுதியிலேயே பாலியஸ்டர் சூட் மலிவின் அடையாளமாகிவிட்டது. மேலூர்ச் சந்தைக்கு வந்துபோன விவசாயிக்கு அப்போதும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் சட்டை தீபாவளிக்கு எடுக்கும் துணி. ஒரே இழை ஓரிடத்தில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் இன்னோரிடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பாலியஸ்டருக்கு ஒரே உலக வரலாறு எழுதுபவர்கள் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை.

வரியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. விலை இறங்கிய பிறகும் மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காரணம் சலவை.

பருத்தி வேட்டியும் சேலையும் நன்றாக இருக்க வேண்டுமானால் உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்க்க வேண்டும். அந்த உழைப்பை ஒரு சாதியின் குடும்பங்கள் மீது சுமத்தி, அறுவடையில் கொஞ்சம் தானியம் கொடுத்துக் கணக்கை முடித்தன நம் ஊர்கள். டெரிகாட்டனுக்கு வெள்ளாவி வேண்டாம். அந்தச் சூட்டில் பாலியஸ்டரில் விழும் மடிப்பு லேசில் போகவும் செய்யாது. வாளித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் போதும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. ஊர்ச் சலவை என்னும் அந்தக் கட்டு தளர்ந்ததற்குக் கல்வி, இடப்பெயர்வு, சுயமரியாதை உணர்வு எனப் பெரிய காரணங்கள் உண்டு. வீட்டிலேயே துவைத்துக்கொள்ளக்கூடிய துணியின் வருகைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஃபேஷன் வரலாறுகள் இதைப் பேசாதது பெரிய குறை.

பெண்களின் உடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் மேலூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் முழங்கால் சேற்றில் நிற்பவர்கள் பெண்கள். நனைந்த பருத்திச் சேலை நாள் முழுக்கக் காலில் ஒட்டிக் கனக்கும். சூரத்திலிருந்து வந்த பூனம் என்னும் பாலியஸ்டர் சேலையோ, வரப்பில் ஏறி நின்று கஞ்சி குடிப்பதற்குள் பாதி உலர்ந்துவிடும். இரண்டு சேலையை மாற்றி மாற்றிக் கட்டி ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். மதுரைக் கோடையில் அது வியர்வையை உறிஞ்சாது, அடுப்பு நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கட்டியவர்களுக்கு இரண்டும் தெரியும். தெரிந்தே கட்டினார்கள்.

சாயத்தின் கதை வேறு. மதுரையின் பெருமையான சுங்குடி சௌராஷ்டிரர் வளர்த்த கலை. பருத்திச் சேலையில் நூலால் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். உலர்ந்ததும் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. திறந்த தொட்டியிலேயே பருத்தி சாயத்தைக் குடித்துவிடும். பாலியஸ்டர் அப்படிக் குடிக்காது. அதற்குத் தனி வகைச் சாயம், மூடிய இயந்திரம், அழுத்தம், 130 டிகிரி வெப்பம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் தொட்டி வைத்திருந்தவருக்கு அது எட்டாத தொழில். ஆகவே பாலியஸ்டர் பரவப் பரவ, மதுரைக்காரர் உடுத்திய துணியில் மதுரைச் சாயக்காரரின் கை குறைந்தது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பல குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போயிருந்தன. இந்த இழப்பு ஈடு செய்யப்படவே இல்லை.

சரிவு வந்தது, வியப்பூட்டும் வகையில், மலிவால். 1982இல் ரிலையன்ஸ் நிறுவனம் பாதாளகங்காவில் பாலியஸ்டர் நூல் ஆலையைத் தொடங்கியது. 1985 ஜவுளிக் கொள்கை பருத்தி, செயற்கை என்ற பேதத்தைக் கைவிட்டு, செயற்கை இழைமீதான வரியைப் படிப்படியாகக் குறைக்க வழிசெய்தது. எவரும் வாங்கலாம் என்றானதும், வாங்கினால் பெருமை என்ற நிலை போயிற்று. பாலியஸ்டர் கலப்புத் துணி பள்ளிச் சீருடையாயிற்று. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்திலும் பின்னாளில் அது இடம்பிடித்தது. கதர் நிறுவனங்களே 'பாலிவஸ்திரா' என்ற பெயரில் கலப்புத் துணி விற்றன.

மறுபக்கம், பருத்தி மேலே ஏறியது. இதில் மதுரையின் பங்கைத் தமிழில் யாரும் போதிய அளவு எழுதவில்லை. ஹார்வி சகோதரர்கள் 1892இல் இங்கே ஓடவிட்ட நூற்பாலை 1974இல் ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆனது. அதன் ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மென்ட்ஸ் 1989இல் லூயி ஃபிலிப் சட்டைகளையும், 1993இல் ஆலன் சாலியையும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுவலகம் போகும் நடுத்தர வர்க்கத்துக்கு நல்ல சட்டை என்றால் பருத்திச் சட்டை என்று மீண்டும் கற்பித்ததில் அந்தச் சட்டைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. திருப்பூரில் 1983இல் தொடங்கிய ராம்ராஜ் வெள்ளை வேட்டிக்கு அதையே செய்தது. மின்சாரத் தேய்ப்புப்பெட்டியும் சலவை இயந்திரமும் வீட்டுக்குள் வந்த பிறகே இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சலவைக்கு வழியுள்ளவர் பருத்திக்குத் திரும்பினார். வழியில்லாதவர் கலப்பிலேயே நின்றார்.

'காட்டன்' என்று விற்பதெல்லாம் காட்டனா என்ற சந்தேகமும் அப்போதே பிறந்தது. தையற்காரர்கள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு, கறுத்து, கடுகு போல இறுகும். கலப்பென்றால் இரண்டும் சேர்ந்து தெரியும். சுத்தப் பருத்திச் சட்டையிலும் தையலைப் பிரித்து அந்த நூலைக் கொளுத்தினால் பெரும்பாலும் கடுகுதான் மிஞ்சும். அறுந்துபோகாத பாலியஸ்டர் தையல்நூல் பருத்தி நூலை எப்போதோ வெளியேற்றிவிட்டது.

எனவே வீழ்ச்சி என்பதை அளந்துதான் பேச வேண்டும். விழுந்தது அந்தஸ்து; உற்பத்தி அல்ல. உலகில் இன்று தயாராகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட கொடி விதிகள் தேசியக் கொடியையே பாலியஸ்டரில் தைக்க இடம் கொடுத்தன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுபவர்களின் பளபளக்கும் சாட்டினும் பெரும்பாலும் இதே இழைதான். அந்த உடைகளைத் தைத்தவர்கள் திருமலை நாயக்கரின் புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல் இயந்திரம் போட்டிருந்து, அண்மையில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியவர்கள்.

இப்போது பாலியஸ்டரை விரும்பி அணிபவர்கள் கிராமத்து இளைஞர்கள். கபடிக் குழுவின் பெயரும், எண்ணும், ஊர்ச் சாமியின் படமும் முழுத் துணியிலும் அச்சான ஜெர்சி அவர்களுக்குத் திருவிழாச் சட்டை. சப்ளிமேஷன் என்னும் அந்த அச்சு முறையில் சாயம் வெப்பத்தில் ஆவியாகி இழைக்குள் இறங்குகிறது. பருத்தியில் அது நிற்காது, பாலியஸ்டரில்தான் நிற்கும். மதுரைச் சாயத்தொட்டிகளுக்கு வசப்படாத இழை, இன்று கணினியும் வெப்ப அச்சு இயந்திரமும் வைத்திருக்கும் கடைக்காரருக்கு வசப்பட்டுவிட்டது.